மூன்று பிரதியும் ஆண்டுக்கு ஒரு நாளும்

2015 டிசம்பர் சென்னை வெள்ளம் வடிந்த பிறகு முடிச்சூர் வீட்டைத் திறந்தோம். பீரோவின் கீழ்த்தட்டில் அம்மா, அப்பாவின் கல்யாண ஆல்பம் சேற்றில் ஊறிக் கிடந்தது. ஒவ்வொரு படமாகப் பிரிக்கப் பார்த்தேன். ஒரு படத்தின் முகம் அடுத்த படத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டு உரிந்து வந்தது. போன வருடம்தானே எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஹார்ட் டிஸ்கில் போட்டேன் என்று ஒரு நிமிடம் மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த ஹார்ட் டிஸ்க் அதே தட்டில், ஆல்பத்துக்குப் பக்கத்தில், அதே தண்ணீரில் கிடந்தது.

ரிச்சி தெருவில் ஒரு கடையில் கொடுத்தோம். மூன்று வாரம் வைத்திருந்து, உள்ளே தட்டு கீறிவிட்டது, எதையும் எடுக்க முடியாது என்று திருப்பித் தந்தார்கள். ஒன்பதாயிரம் படங்களில் மிஞ்சியவை 312. கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கை முந்தைய தீபாவளிக்கு வந்தபோது, "எனக்கும் கொஞ்சம் போட்டுக் கொடுண்ணா" என்று கேட்டு ஒரு பென் டிரைவில் வாங்கிப் போன படங்கள் அவை. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடியில் சிரிக்கும் படம் இன்று எங்களிடம் இருக்கிறது. அவள் கேட்டதால் இருக்கிறது.

அதன் பிறகு நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த டிஸ்க் வாங்கினால் ரொம்ப நாள் உழைக்கும்?" ஐம்பது ஆண்டு கவலையில்லாமல் விட்டுவைக்கும்படி கடையில் கிடைக்கும் ஹார்ட் டிஸ்க் எதுவும் இல்லை. ஓலைச்சுவடியும் அப்படித்தான் இருந்தது. பூச்சி அரிக்கும், ஓரம் ஒடியும். சங்கப் பாடல்கள் நம் கைக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம், தலைமுறைக்குத் தலைமுறை யாரோ ஒருவர் உட்கார்ந்து புதிய ஓலையில் படியெடுத்ததுதான். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து பிரதிகளைத் திரட்டி, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். 267, 268ஆம் பாடல்கள் மட்டும் கிடைக்கவே இல்லை. அந்த இரண்டு எண்களுக்குக் கீழே இன்றுவரை பாட்டு கிடையாது.

பல பிரதி எடுப்பது, ஒப்பிட்டுப் பார்ப்பது, காலம் வந்தால் மறுபடி படியெடுப்பது. குடும்பப் படங்களையும் இந்த மூன்று வேலைகள்தான் காக்கும். கீழே உள்ள பட்டியல் முழுவதும் இவற்றை வீட்டில் எப்படிச் செய்வது என்பது பற்றியது.

செய்ய வேண்டியவை

1. முதலில் எல்லாப் படங்களையும் ஓரிடத்தில் சேருங்கள்.
அப்பாவின் பழைய போன், அக்காவின் லேப்டாப், டப்பாவில் கிடக்கும் மெமரி கார்டுகள், கல்யாணத்துக்கு ஸ்டுடியோக்காரர் கொடுத்த டி.வி.டி. என்று படங்கள் சிதறிக் கிடக்கும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டருக்குள் கொண்டுவந்து மொத்த அளவைப் பாருங்கள். ஒரு போன் படம் சராசரியாக 4 எம்.பி. என்று வைத்தால் 40,000 படங்களுக்கு 160 ஜி.பி. ஆகும். வீடியோதான் இடத்தை அடைக்கும். 4கே வீடியோ ஒரு நிமிடத்துக்கே சில நூறு எம்.பி. பிடிக்கும். இன்றைய அளவைப் போல மூன்று மடங்கு கொள்கிற டிஸ்க் வாங்குங்கள். 1 டி.பி. டிஸ்கைச் செருகினால் விண்டோஸ் 931 ஜி.பி. என்று காட்டும். பயப்பட வேண்டாம்; தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 கணக்கில் எண்ணுகிறது.

2. மூன்று பிரதி, இரண்டு வகை, ஒன்று வெளியூரில்.
பீட்டர் க்ரோக் என்னும் அமெரிக்கப் புகைப்படக்காரர் பரவலாக்கிய 3-2-1 விதி இது. மூன்று பிரதிகள் இருக்க வேண்டும். அவை இரண்டு வேறு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். ஒரு வகைக்கு வரும் கேடு இன்னொரு வகைக்கு வராது என்பதற்காக இரண்டு வகை. வெள்ளம், தீ, திருட்டு மூன்றும் வீட்டையே தாக்கும் என்பதற்காக வெளியே ஒன்று. அடுத்த தெருவில் இருக்கும் சித்தி வீடு போதாது. எங்கள் ஊரில் அடையாறு பெருகினால் இரண்டு தெருவும் சேர்ந்தே மூழ்கும். வேறு ஊராக இருப்பது நல்லது.

3. அடிப்படைப் பிரதிக்கு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள், இரண்டாக வாங்குங்கள்.
ஒரு ஜி.பி.க்கு ஆகும் செலவைப் பார்த்தால் வீட்டுக்கு இன்றும் ஏற்றது சுழலும் தட்டு உள்ள வெளிப்புற ஹார்ட் டிஸ்க்தான். பேக்பிளேஸ் என்னும் அமெரிக்க கிளவுட் நிறுவனம் தன்னிடம் ஓடும் டிஸ்க்குகள் எத்தனை பழுதாகின்றன என்பதை 2013 முதல் பதிவு செய்து வெளியிட்டு வருகிறது. 2023இல் அந்த விகிதம் ஏறத்தாழ 1.7 சதவீதம். அதாவது ஆண்டுக்கு ஆயிரத்தில் 17. அதுவும் குளிரூட்டிய அறையில், யாரும் கீழே போடாத டிஸ்க்குகளில். அந்தப் பதினேழில் உங்களுடையதும் ஒன்றாக இருக்கலாம். இரண்டும் ஒரே வருடத்தில் போவது அபூர்வம். இன்று ஹார்ட் டிஸ்க் தயாரிப்பவை சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள்தான். ஒன்றை ஒரு நிறுவனத்திலும் மற்றதை இன்னொன்றிலும், சில மாத இடைவெளி விட்டு வாங்குங்கள். ஒரே பெட்டியில் வந்த இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே குறை இருக்க வாய்ப்புண்டு.

4. மூன்றாவது பிரதிக்குக் காசு கொடுத்து கிளவுட் வாங்குங்கள்.
கூகுள் போட்டோஸில் அளவில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இப்போது இலவசம் 15 ஜி.பி.; அதையும் மின்னஞ்சல் பங்கு போட்டுக்கொள்ளும். ஐகிளவுடில் 5 ஜி.பி. குடும்பப் படங்களுக்கு இவை போதா. கட்டணத் திட்டம் எடுத்தால் செட்டிங்ஸில் 'ஒரிஜினல் குவாலிட்டி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'ஸ்டோரேஜ் சேவர்' படத்தைச் சுருக்கிவிடும். முதல்முறை ஏற்றப் பொறுமை வேண்டும்: விநாடிக்கு 20 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் 160 ஜி.பி.க்குப் பதினெட்டு மணி நேரம் ஆகும். இரவில் விட்டுவிடுங்கள்.

5. உயிர்நாடியான முந்நூறு படங்களைத் தனியே எடுத்து வையுங்கள்.
நாற்பதாயிரத்தில், இழந்தால் தாங்க முடியாதவை சில நூறுதான் இருக்கும். தாத்தாவின் ஒரே படம், பிறந்த அன்று எடுத்த படம், இடிக்கப்பட்ட பழைய வீடு. இவற்றை எம்-டிஸ்க்கில் எழுதி வைக்கலாம். சாதாரண டி.வி.டி.யில் எழுதும் பகுதி சாயம்; வெளிச்சத்திலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் கெட்டுவிடலாம். எம்-டிஸ்க்கில் கல் போன்ற அடுக்கில் குழி பதியும். ஆயிரம் ஆண்டு என்பது தயாரிப்பாளர் சொல்லும் கணக்கு. நமக்கு அதில் இருபதில் ஒரு பங்கு போதும். எழுதவும் படிக்கவும் ஏற்ற டிரைவையும் சேர்த்து வாங்கி வையுங்கள், இப்போதைய லேப்டாப்களில் அது வருவதில்லை. கூடவே நல்ல தாளில் பிரிண்டும் போடுங்கள். பிரிண்டைப் பார்க்க மின்சாரமோ பாஸ்வேர்டோ தேவையில்லை.

6. ஃபோல்டருக்கு ஆண்டு முன்னால் வரும்படி பெயர் வையுங்கள்.
"2014-08-23 தங்கை வளைகாப்பு" என்று வைத்தால் ஃபோல்டர்கள் தாமாகவே காலவரிசையில் நிற்கும். பழைய படங்களை ஸ்கேன் செய்திருந்தால், யார் யார் என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு குறிப்பாக எழுதி அதே ஃபோல்டரில் போடுங்கள். என் பாட்டியின் பக்கத்தில் நிற்கும் பெண் யார் என்று சொல்ல இன்று எங்கள் வீட்டில் யாரும் இல்லை. படம் பத்திரமாக இருக்கிறது, ஆள் தெரியாமல் போய்விட்டது.

7. நகலெடுத்த பிறகு சரிபாருங்கள்.
நகல் முடிந்தது என்று கணினி சொன்னாலும் நடுவில் ஒரு கோப்பு பழுதாகியிருக்கலாம். ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் என்று ஓர் எண் கணக்கிடலாம், கைரேகை மாதிரி. ஒரு பிட் மாறினாலும் எண் மாறிவிடும். டெராகாப்பி போன்ற செயலிகள் நகலெடுத்ததும் இரு பக்கத்துக் கைரேகையையும் ஒப்பிட்டுச் சொல்லும். அதோடு நீங்களும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருபது படங்களைத் திறந்து பாருங்கள்.

இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம். 1998இல் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகள் ஒரு தவறான கட்டளையால் பெரும்பகுதி அழிந்தன. பேக்கப் இருக்கிறதே என்று போனார்கள். அது ஒழுங்காகப் பதிவாகவே இல்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை செய்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினியில் இருந்த பிரதிதான் படத்தைக் காப்பாற்றியது. பேக்கப்பைத் திறந்து பார்க்கும் வரை அதை நம்பக் கூடாது.

8. ஆண்டுக்கு ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள்.
எங்கள் வீட்டில் ஆயுதபூஜை. அரிவாள்மணையையும் ஸ்குரூடிரைவரையும் துடைத்துப் பொட்டு வைக்கும் அன்று டிஸ்க்குகளும் வெளியே வரும். உங்களுக்கு கிறிஸ்துமஸ், ரம்ஜான், பிள்ளையின் பிறந்தநாள் எதுவானாலும் சரி, மறக்காத நாளாக இருந்தால் போதும். அன்று செய்ய வேண்டியவை: டிஸ்கைச் செருகி ஓடவிடுவது, ஆண்டின் புதுப் படங்களைச் சேர்ப்பது, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவசச் செயலியில் அதன் உடல்நிலையைப் பார்ப்பது, சில பழைய படங்களைத் திறப்பது. அந்தச் செயலியில் 'ரீஅலொகேட்டட் செக்டர்', 'கரண்ட் பெண்டிங் செக்டர்' என்ற வரிகளில் எண் ஏறத் தொடங்கினால் அந்த டிஸ்கை அந்த வாரமே மாற்றுங்கள்.

9. ஐந்தாண்டுக்கு ஒரு முறை புது டிஸ்க்குக்கு மாறுங்கள்.
நன்றாக ஓடினாலும் மாறுங்கள். வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி டிஸ்கின் மேல் ஒட்டுங்கள். பழையதைத் தூக்கி எறிய வேண்டாம். நான்காவது பிரதியாக இருக்கட்டும். புதிதுக்கு மாறும்போது செருகும் முனையும் மாறிவிடும், பழைய முனை கிடைக்காத காலம் வருமுன் நீங்கள் தாண்டியிருப்பீர்கள்.

10. வீட்டில் இன்னொருவருக்கும் வழி தெரியட்டும்.
எந்த டிஸ்க் எங்கே, கிளவுட் கணக்கு எது, பாஸ்வேர்டு என்ன என்பதை ஒரு தாளில் எழுதி, நகைக்கும் பத்திரத்துக்கும் பக்கத்தில் வையுங்கள். கூகுளில் 'இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்', ஆப்பிளில் 'லெகசி காண்டாக்ட்' என்ற வசதிகள் உண்டு; உங்களுக்குப் பின் யார் திறக்கலாம் என்று இப்போதே குறித்து வைக்கலாம். அப்பா போன பிறகு அவருடைய சிம்முக்கு யாரும் ரீசார்ஜ் செய்யாமல் விட்டால், அவர் கணக்குக்கு வரும் ஓ.டி.பி. யாருக்கும் கிடைக்காது. முதலில் எண்ணை மாற்றுங்கள், பிறகு சிம்மை விடுங்கள்.

செய்யக்கூடாதவை

1. இரண்டு பிரதி சரிபார்க்கும் முன் மூலத்தை அழிக்காதீர்கள்.
கட் செய்து பேஸ்ட் செய்ய வேண்டாம், காப்பி செய்யுங்கள். நடுவில் கேபிள் ஆடினால் இரண்டு பக்கமும் இல்லாமல் போகலாம். போனில் இடமில்லை என்ற அவசரத்தில் படங்கள் தொலைவது உண்டு. மெமரி கார்டை ஃபார்மேட் செய்யும் முன்பும் இதே விதி.

2. பென் டிரைவ், மெமரி கார்டு, எஸ்.எஸ்.டி. மூன்றையும் பூட்டி வைத்து மறக்காதீர்கள்.
இவை படத்தை மின்னூட்டமாகப் பிடித்து வைக்கின்றன. மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அந்த மின்னூட்டம் மெல்லக் கசியும். வெயில் கூடக் கூட வேகமாகக் கசியும். ஜெடெக் என்னும் தர அமைப்பின் வரையறைப்படி, எழுதும் ஆயுளை முழுதும் தீர்த்த வீட்டு உபயோக எஸ்.எஸ்.டி. 30 டிகிரி செல்சியஸில் மின்சாரமின்றி ஓராண்டு தரவைக் காத்தால் போதும். புதிது அதைவிட நெடுநாள் தாங்கும் என்றாலும், சென்னையின் மே மாதத்துக்கு 30 டிகிரி குளிர்ச்சிதான். வேகமாக வேலை செய்ய எஸ்.எஸ்.டி. நல்லது. பத்தாண்டு பீரோவில் கிடக்க அது ஏற்றதல்ல.

3. விலை நம்ப முடியாததாக இருந்தால் வாங்காதீர்கள்.
சில நூறு ரூபாய்க்கு 2 டி.பி. பென் டிரைவ் என்று விற்பவை போலி. உள்ளே இருப்பது சில ஜி.பி. மட்டும், கணினியிடம் 2 டி.பி. என்று பொய் சொல்லும்படி அமைத்திருப்பார்கள். நிறையும் வரை ஒழுங்காக இருப்பதுபோல் காட்டும், அதற்கு மேல் போட்ட படங்கள் எங்கும் இருக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 என்ற இலவசச் செயலிகள் முழுக்க எழுதிப் படித்துப் பார்த்து உண்மை அளவைச் சொல்லிவிடும். புது டிஸ்க் எதையும் முதலில் இப்படிச் சோதியுங்கள்.

4. ஸிங்கை பேக்கப் என்று நம்பாதீர்கள்.
ஸிங் என்பது போனையும் கிளவுடையும் ஒன்றுபோல வைப்பது: கூகுள் போட்டோஸ் செயலியிலோ ஐகிளவுடோடு இணைந்த போனிலோ ஒரு படத்தை அழித்தால் கிளவுடிலும் அது சேர்ந்தே அழியும். கூகுள் தன் குப்பைத் தொட்டியில், ஏற்றிய படத்தை 60 நாள் வைத்திருக்கும். குழந்தை விளையாட்டாக அழித்ததை மூன்று மாதம் கழித்துக் கண்டுபிடித்தால் பயனில்லை. தொடாமல் இருக்கும் டிஸ்க் பிரதி இதற்காகத்தான். ஒரே படத்தை இரண்டு டிஸ்கிலும் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு பெட்டிக்கும் இதே குறை உண்டு: ஒன்றில் அழிந்தது அதே நொடியில் மற்றதிலும் அழியும்.

5. டிஸ்கைக் கணினியில் செருகியே வைக்காதீர்கள்.
2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் இவ்வகை வைரஸ், செருகியிருக்கும் டிஸ்கையும் சேர்த்துப் பூட்டும். இடி, மின்னழுத்த ஏற்றம் வந்தாலும் கணினியும் டிஸ்க்கும் சேர்ந்தே போகலாம். வேலை முடிந்ததும் 'இஜெக்ட்' கொடுத்துக் கழற்றி வையுங்கள்.

6. பரணிலும் கீழ்த்தட்டிலும் வைக்காதீர்கள்.
மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் பரண் கோடையில் அடுப்பு மாதிரி கொதிக்கும். கீழ்த்தட்டு என்ன செய்யும் என்று நான் பார்த்துவிட்டேன். நடு உயரத்தில், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அந்தப் பொட்டலத்தை அவ்வப்போது மாற்ற வேண்டும். தூக்கும்போது தவற விடாதீர்கள்: சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் இடையே உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான்.

7. வாட்ஸ்அப் குழுவை ஆல்பமாக்காதீர்கள்.
வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும். எடுத்த தேதி, இடம் போன்ற உள்விவரங்களையும் நீக்கிவிடும். போனில் பார்க்கும்போது வித்தியாசம் தெரியாது, பிரிண்ட் போடும்போது தெரியும். கல்யாணப் படங்களை உறவினரிடம் வாங்கும்போது 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்போதுதான் மூலம் அப்படியே வரும்.

8. இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள்.
மைஸ்பேஸ் தளம் 2003 முதல் 2015 வரை மக்கள் ஏற்றிய பாட்டு, படம், வீடியோ எல்லாம் சர்வர் மாற்றத்தில் தொலைந்ததாக 2019இல் ஒப்புக்கொண்டது. இரண்டு ஆண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்கை நீக்கலாம் என்று கூகுள் 2023இல் விதி கொண்டுவந்தது. ஸ்டுடியோக்காரரும் உங்கள் கல்யாணத்தை எத்தனை ஆண்டு வைத்திருப்பார்? ஆல்பம் கைக்கு வரும் அன்றே மூலக் கோப்புகளையும் கேட்டு வாங்குங்கள்.

9. வாரண்டியை நம்பி இருக்காதீர்கள்.
மூன்று ஆண்டு வாரண்டி என்றால், பழுதானால் மாற்று டிஸ்க் தருவார்கள். அது காலியாக வரும்.

10. நனைந்த டிஸ்கையும், டக் டக் என்று சத்தம் போடும் டிஸ்கையும் ஓடவிட்டுப் பார்க்காதீர்கள்.
அன்று நான் செய்த தவறு இதுதான். சேற்றைத் துடைத்து, மூன்று நாள் வெயிலில் காயவைத்து, ஆவலை அடக்க முடியாமல் லேப்டாப்பில் செருகினேன். உள்ளே காய்ந்து இறுகிய மண் துகள்கள், சுற்றத் தொடங்கிய தட்டைக் கீறிவிட்டன. தண்ணீர் பட்ட டிஸ்கைக் காயவைக்காமல், மின்சாரம் கொடுக்காமல், ஈரத்தோடு உறையில் மூடி, தரவு மீட்கும் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சத்தம் போடும் டிஸ்க்கும் அப்படியே. ஒவ்வொரு முறை செருகும்போதும் மீட்கும் வாய்ப்பு குறையும்.

இப்போது எங்களிடம் இரண்டு டிஸ்க்குகள் இருக்கின்றன. ஒன்று சென்னையில், மற்றது கோயம்புத்தூரில். ஆயுதபூஜைக்குப் படங்களைச் சேர்த்துச் சரிபார்ப்பேன். தீபாவளிக்குத் தங்கை வரும்போது அவளிடம் இருப்பதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் புதிதாகச் சேர்த்ததை வாங்கிப் போவாள். அதிரசத் தூக்குக்குப் பக்கத்தில், துண்டில் சுற்றி, அவள் பையில் போகும். அன்று அவள் கேட்டதால் 312 படங்கள் பிழைத்தன. உங்கள் தங்கையோ தம்பியோ கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பிரதி எடுத்து, திறந்து பார்த்து, வேறு ஊரில் இருக்கும் ஒருவர் கையில் சேர்த்துவிடுங்கள்.